எல்லோரும் படித்தாயிற்று

2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை காலை, ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள சுப்ரபாத் என்கிளேவ் அடுக்ககத்தில் தண்ணீர் வரவில்லை.

வராது என்பதைக் குடியிருப்போர் சங்கச் செயலர் சாரங்கபாணி முதல் நாள் மாலையே வாட்ஸ்அப் குழுவில் தெரிவித்திருந்தார். போர்வெல் மோட்டாரைக் கழற்றப் போகிறார்கள், எல்லோரும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும் என்று. அந்த அறிவிப்பின் மீது தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள் வந்து விழுந்தன. மாம்பழம், வேப்பம்பூ, மாவிலைத் தோரணம். பிறகு வாழ்த்துகளுக்கு நன்றி. நன்றிகளுக்குக் கும்பிடு.

ஆகவே காலையில் சாரங்கபாணி கதவைத் திறந்தபோது, மூன்றாவது மாடி டோரிஸ் தலையில் ஷாம்பு நுரையும் தோளில் துண்டுமாக நின்றார். பின்னால் சங்கத் தலைவர் வேதாசலம், வாய் நிறையப் பற்பசை.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணா?"

"சொன்னேன் டோரிஸம்மா. நேத்து சாயங்காலமே குரூப்ல போட்டேன்."

டோரிஸ் நுரை விரலால் போனைத் தள்ளிப் பார்த்தார். "எங்க இருக்கு? இது என் தோரணம்... இது 'கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக'... இதுவும் நான் போட்டதுதான்... இது ரோஜாப்பூ..."

"அந்த ரோஜாப்பூவுக்கு மேல பாருங்க."

"அது இன்னொரு ரோஜாப்பூ."

வேதாசலம் பற்பசையை விழுங்கிவிட்டுப் பேசினார். "செக்ரட்டரின்னா வீடு வீடா ஆள் அனுப்பிச் சொல்லணும் சார். போன்ல போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கறதா?"

"கதவு கதவா தட்டறது இந்தக் காலத்துல ஒரு முறையா சார்? எழுத்துல குடுத்தா நீங்க படிக்கணும்."

"கைக்கு இந்தச் சண்டை?" என்றார் டோரிஸ், 'எதற்கு' என்பதை ஹைதராபாத் உருதுவில். "அண்ணா, கண்ணு எரியுது. முதல்ல ஒரு பக்கெட் தண்ணி குடுங்க."

சாரங்கபாணியின் மனைவி கனகம் உள்ளேயிருந்து பக்கெட்டோடு வந்தார். அந்த அடுக்ககத்திலேயே தண்ணீர் பிடித்து வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அவருக்கும் வாட்ஸ்அப்பில் தெரியவில்லை. சாப்பிடும்போது கணவர் சொன்னது.

சாரங்கபாணி பணியில் இருந்தது பக்கத்திலேயே, அரசுத் துறை மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைப் பிரிவில். வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து, தேறினால் பச்சைச் சீட்டும் தேறாவிட்டால் சிவப்புச் சீட்டும் கட்டுவது வேலை. ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எழுதுவார். அறிக்கைகள் மேலே போய், மூலையில் ஒரு கிறுக்கல் கையெழுத்தோடு திரும்பி வரும். ஒரு முறை கையெழுத்து தலைகீழாக இருந்தது. கையெழுத்துப் போட்டவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அன்று அவருக்குப் புரிந்தது. தான் எழுதியதை யாராவது ஒருவர் முழுதாகப் படித்தார் என்று தெரிந்துகொள்ளாமலே ஓய்வு பெற்றார். அது அவருக்குள் ஒரு முள்ளாக இருந்தது.

புத்தாண்டுப் பாயசத்தைக் குடித்துக்கொண்டே அவருக்குத் தொண்ணூறுகளின் நியூஸ்குரூப் நினைவு வந்தது. தொழிற்சாலைக் கணினியில் பொறியாளர்கள் அதில் கேள்வி எழுதுவார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வரும். ஒவ்வொரு கேள்வியும் தனி இழை, பதில்கள் அதன் கீழே வரிசையாகத் தொங்கும். அங்கே யாரும் ரோஜாப்பூ அனுப்பியதில்லை.

இன்றும் அப்படிப்பட்ட மென்பொருள் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ஹப்சிகுடாவில் ஒரு சின்ன நிறுவனம் அதைச் செல்போனுக்கு ஏற்றாற்போல் செய்து விற்றது. ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். போன் செய்தார். ஹர்ஷிதா என்ற பெண் எடுத்தாள்.

"எங்களுதுல எல்லா ஃபீச்சரும் இருக்கு சார். த்ரெட், மாடரேஷன், ஷெட்யூல், ரீட் ரிப்போர்ட், ஃபில்டர்..."

"நீ தமிழாம்மா?"

"ஹவ் சார், ஆமா. சிகந்திராபாத் தமிழு. ஆனா தமிழ் எழுதத் தெரியாது, கேக்காதீங்க."

"டிரயல்லயே எல்லா ஃபீச்சரும் வேலை செய்யுமா?"

"செய்யும் சார். ஆனா யாரும் எல்லாத்தையும் யூஸ் பண்ணிப் பாக்க மாட்டாங்க."

"நான் பார்ப்பேன்."



செயற்குழு கூடியது. பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் தெலுங்கர்கள். இரு தரப்பும் ஒன்றாகக் கொட்டாவி விட்டார்கள். சாரங்கபாணி வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி என்ற முறையில் அதைப் பூட்டிவிட்டதாக அறிவித்தார். இனி எல்லாம் நியூஸ்குரூப்பில். இலவசச் சோதனை முடியும் ஞாயிறன்று பொதுக்குழு கூடி, வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்.

"வேண்டாம்னு முடிவாச்சுன்னா?" என்றார் வேதாசலம்.

"செக்ரட்டரி பதவியை விட்டுடறேன்."

கொட்டாவிகள் நின்றன.

"எழுத்துல குடுப்பீங்களா?" என்றார் வேதாசலம்.

"எதையும் எழுத்துலதான் குடுப்பேன்," என்றார் சாரங்கபாணி.

வீட்டுக்கு ஒரு கணக்கு உண்டாக்கப்பட்டது. தன் வீட்டுக் கணக்கைக் கனகத்திடம் கொடுத்துவிட்டு, பதவிக்கென்று 'செயலர்' என்ற பெயரில் தனக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் இலவசச் சோதனை என்றால் பயன்படுத்திப் பார்ப்பார்கள். சாரங்கபாணி பரிசோதனைப் பிரிவுக்காரர். ஒரு பொருள் எங்கே உடையும் என்று தெரியும்வரை அதை அழுத்திப் பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த முறை.

முதலில் இழைகள். தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங், பொது என்று தலைப்புகள் உண்டாக்கினார். அது போதவில்லை. தண்ணீரின் கீழ் போர்வெல், டேங்கர், மேல்தொட்டி, கசிவு என்று கிளைகள். கசிவின் கீழ் உட்கசிவு, வெளிக்கசிவு.

அன்று மாலை டோரிஸ் போன் செய்தார். "அண்ணா, லிஃப்டுக்குள்ள தண்ணி சொட்டுது. இதை லிஃப்ட்ல போடறதா, தண்ணில போடறதா?"

சாரங்கபாணிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "நல்ல சந்தேகம். பார்த்துச் சொல்றேன்."

பார்த்து, இரண்டு தலைப்பில் வரும் பொருள்களை எப்படிக் கையாள்வது என்று ஒரு சுற்றறிக்கை எழுதினார். டோரிஸ் பொறுக்க மாட்டாமல் இரண்டிலும் போட்டுவிட்டார். லிஃப்ட் இழையில் சிலர் பதில் எழுதினார்கள், தண்ணீர் இழையில் சிலர். இரண்டு கூட்டமும் தனித்தனியாக ஒரு பிளம்பரைக் கூப்பிட்டது. இரண்டு பிளம்பர்களும் ஒரே நேரத்தில் வந்து, லிஃப்டுக்குள் யார் போவது என்று சண்டை போட்டார்கள். அதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது.

இதற்குத் தீர்வு மென்பொருளிலேயே இருந்தது. மாடரேஷன். யார் எழுதினாலும் முதலில் செயலருக்கு வரும். அவர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். சாரங்கபாணிக்கு மீண்டும் பச்சைச் சீட்டும் சிவப்புச் சீட்டும் கையில் வந்தாற்போல் இருந்தது. பெரும்பாலும் சிவப்புதான்.

ஒரு மத்தியானம் வேதாசலம் மூச்சு வாங்கப் போன் செய்தார்.

"சார், ஜெனரேட்டர்ல புகை வருதுன்னு எழுதினேன். திருப்பி அனுப்பிட்டீங்க!"

"தலைப்பு காலியா இருந்துது சார். எந்த ஜெனரேட்டர்னும் எழுதல."

"இருக்கறதே ஒண்ணுதானே!"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு வேற ஒருத்தர் எடுத்துப் படிச்சா?"

"நாளைக்குப் படிக்க ஜெனரேட்டர் இருக்காதுய்யா!"

வாட்ச்மேன் யாதய்யா மணலை வாரிக் கொட்டிப் புகையை அணைத்தார். அவரிடம் மென்பொருள் இல்லை.

மாடரேஷன் நீக்கப்பட்டது. ஏன் நீக்கப்பட்டது என்று ஒரு சுற்றறிக்கை. அதில் ஒரு பிழை இருந்ததால் ஒரு திருத்தம். திருத்தத்துக்கு ஒரு விளக்கம். இந்தக் கட்டத்தில்தான் சாரங்கபாணி ரீட் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தார். யார் யார் எதைப் படித்தார்கள் என்று அது காட்டும். படித்த வீட்டின் எதிரே 'ரீட்' என்று பச்சை எழுத்து. அவருடைய சுற்றறிக்கைகளின் எதிரே பச்சை அபூர்வமாக இருந்தது. திருத்தத்தை ஒரே ஒரு வீடு படித்திருந்தது. அது அவருடைய வீடு.

"நீயாவது படிச்சியே," என்றார் கனகத்திடம்.

"கைதவறிப் பட்டுடுச்சுங்க," என்றார் கனகம்.

பழைய முள் நெருடியது. ஆனால் தொழிற்சாலையில் இல்லாத ஓர் ஆயுதம் இப்போது கையில் இருந்தது. ஷெட்யூல். ஒரே செய்தியை மருந்து மாதிரி, குறித்த மணிக்கு மறுபடி மறுபடி அனுப்பலாம். சுற்றறிக்கைகள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போகத் தொடங்கின. பழையவையும் நிற்கவில்லை, புதியவை சேர்ந்துகொண்டன. பச்சை கூடவில்லை. 'அவசரம்' என்று ஒரு வசதி இருந்தது. அதை அழுத்தினால், போன் ஊமையாக்கப்பட்டிருந்தாலும் சங்கு மாதிரி ஊதும். வாசலில் செருப்பு அலமாரி வைப்பது குறித்த சுற்றறிக்கையை அவர் அவசரத்தில் அனுப்பினார். அப்போது ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் கண்மூடி மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில், டோரிஸின் கைப்பை ஊதியது.

"ஆயர் நெருப்பு பிடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டார் அண்ணா," என்றார் டோரிஸ், திரும்பி வந்து. "பாடற கொயர் மொத்தமும் எழுந்து நின்னுடுச்சு. நான் திறந்து பார்த்தா செருப்பு!"

"அப்ப படிச்சீங்க?"

"அண்ணா!"

"இல்ல, சும்மா கேட்டேன்."

வேதாசலம் படியில் வழிமறித்தார். "சார், ரோஜாப்பூ எவ்வளவோ தேவலை. அது ஊதாது. பொதுக்குழுவுல நான் பேசப் போறேன். முன்னாடியே சொல்லிடறேன்."

சாரங்கபாணி அன்று சோதனையை நிதானமாக ஆராய்ந்தார். பொருளில் குறை இல்லை. இயக்குபவர்களுக்குப் பயிற்சி இல்லை. இது தொழிற்சாலையிலும் அடிக்கடி கண்ட முடிவுதான்.

அடுத்த வார இறுதியில், ஹைதராபாத்காரர்கள் செல்லர் என்று சொல்லும் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் நாற்காலிகள் போட்டு, இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கெட்டும் வைத்து, சுவரில் திரை கட்டிப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இழைகளைப் பற்றிச் சொன்னபோது பிஸ்கெட் சத்தம் மட்டும் கேட்டது. ஷெட்யூலைப் பற்றிச் சொன்னபோது யாரோ குறட்டை விட்டார்கள். கடைசியாக ஃபில்டருக்கு வந்தார். மாடரேஷன் போனதும் ரோஜாப்பூக்களை இங்கேயும் போடத் தொடங்கியிருந்த டோரிஸை மனதில் வைத்துக்கொண்டுதான் அதை விளக்கினார். பெயர் சொல்லவில்லை, நாகரிகம்.

"யாரோட மெசேஜ் உங்களுக்குத் தொந்தரவா இருக்கோ, அவங்க பேரை இங்க போட்டுட்டா போதும். அவங்க எழுதறது உங்க போன்ல வராது."

குறட்டை நின்றது.

"அவங்களுக்குத் தெரிஞ்சுடுமா சார்?" என்று பி பிளாக் சுபாஸ்ரீ கேட்டாள். கைக்குழந்தைக்காரி.

"தெரியாது. அவங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருப்பாங்க."

"மத்தவங்க எழுதறது?"

"அது வழக்கம்போல வரும்."

"வாட்ஸ்அப்ல இப்படி ஒரு ஆளை மட்டும் எடுக்க முடியாதே?" என்றார் வேதாசலம். அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார்.

"முடியாது. அதனாலதான் சார் இத்தனை நாளா கத்தறேன்."

"இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க. எங்க அழுத்தணும்?"

சாரங்கபாணி மூன்று முறை செய்து காட்டினார். டோரிஸும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தது அவருக்குச் சங்கடமாக இருந்தது. அன்று மாலையே தன் கணக்கில் ஃபில்டரைத் திறந்து டோரிஸின் பெயரைப் போட்டார். ரோஜாப்பூக்கள் மறைந்தன. எல்லா வீட்டிலும் இதே நேரத்தில் இதுதான் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது கொஞ்சம் மனம் கனத்தது.

மறுநாள் காலை ரிப்போர்ட்டைத் திறந்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பச்சை. மேலிருந்து கீழ்வரை பச்சை. ஆறு மணிக்கு அவர் அனுப்பிய 'பால்கனியில் துணி உலர்த்துதல்: வழிமுறைகள்' என்ற சுற்றறிக்கையை ஆறு மணிக்கே எல்லா வீடும் படித்திருந்தது. நூற்றுக்கு நூறு.

"கனகம்! இங்க வா! வேதாசலம் படிச்சிருக்கார்! அனுப்பின அதே நிமிஷத்துல!"

கனகம் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "நம்ம வீடும் பச்சையா இருக்கே."

"நீ எப்ப படிச்சே?"

கனகம் கரண்டியைப் பார்த்தார். "படிச்சேனே. காலைலயே."

அன்றிலிருந்து சாரங்கபாணிக்கு நடையே மாறியது. எழுதினார். எழுத எழுதப் பச்சை. குப்பை பிரித்தல், நாயை நடைக்குக் கூட்டிப்போதல், மொட்டைமாடி வத்தல். முன்பு அரைப்பக்கம் எழுதியவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார், பின்னிணைப்போடு. யாரும் முணுமுணுக்கவில்லை. படியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். வேதாசலம் ஒரு நாள் நின்று, "வெயில் ஜாஸ்தி, உடம்பைப் பாத்துக்குங்க சார்," என்றுகூடச் சொன்னார்.

ஒரு தடங்கல் மட்டும் வந்தது. மேல்தொட்டி கழுவும் நாளை மிக விரிவாக எழுதி அறிவித்தார். நூறு சதவீதம் பச்சை. அந்த நாள் வந்தபோது ஒரு வீட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. வேதாசலம் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் சாரங்கபாணி வீட்டுக்கு வந்தார். டோரிஸ் எச்சில் பாத்திரத்தோடு வந்தார். சுபாஸ்ரீ குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை கழுவப்பட வேண்டிய நிலையில் இருந்தது.

"தண்ணி நிக்கும்னு ஒரு வார்த்தை..." என்று தொடங்கினார் வேதாசலம்.

சாரங்கபாணி போனை நீட்டினார். "உங்க வீடு. ரீட். காலை ஆறு மணி."

வேதாசலம் வெகுநேரம் அந்தப் பச்சையைப் பார்த்தார். பிறகு டோரிஸைப் பார்த்தார். டோரிஸ் சுபாஸ்ரீயைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றார் வேதாசலம் மெதுவாக. "படிச்சேன். மறந்துட்டேன்."

"நானும் படிச்சேன் அண்ணா," என்றார் டோரிஸ். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

சாரங்கபாணியின் முகம் மலர்ந்தது. "எது பிடிச்சுது?"

"அந்த... நடுப் பாகம்."

"குளோரின் அளவா?"

"அதேதான் அண்ணா. குளோரின். கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

படிப்பது வேறு, நினைவில் வைப்பது வேறு என்று சாரங்கபாணி முடிவுக்கு வந்தார். நினைவாற்றல் மென்பொருளின் பொறுப்பில் வராது. எனவே இனிமேல் சுற்றறிக்கை போன பிறகு, வாட்ச்மேன் யாதய்யா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி விஷயத்தை ஒரு வரியில் ஞாபகப்படுத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். யாதய்யா கதவைத் தட்டி, "அம்மா, ரேப்பு நீள்ளு ராவு," என்பார். உடனே உள்ளே பக்கெட் உருளும் சத்தம் கேட்கும். நாளைக்குத் தண்ணீர் வராது என்பதைச் சொல்ல அவருக்குத் தெலுங்கில் அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதன் பிறகு அடுக்ககத்தில் யாரும் தண்ணீரில்லாமல் நிற்கவில்லை. மென்பொருள் பிரமாதமாக வேலை செய்வதாகச் சாரங்கபாணி அறிக்கையில் எழுதினார்.

பொதுக்குழுவுக்கு முதல் நாள் சாப்பிடும்போது, "டோரிஸம்மாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கு," என்றார்.

"ஏன், என்னவாம்?"

"தினமும் எழுதிட்டேதான் இருப்பாங்க. ஒருத்தர் படிக்கறது கிடையாது. அது தெரியாம, எல்லாரும் படிக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டு... நீ ஏதும் சொல்லிடாதே. மனசு உடைஞ்சுடும்."

கனகம் அவருடைய தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார். "நான் ஏன் சொல்றேன்?"

"வேதாசலம் நாளைக்கு எதிர்த்துப் பேசுவார். அவர் பேசினா பாதிப் பேர் அவர் பக்கம் போயிடுவாங்க."

"போனா?"

"ராஜினாமாதான். எழுதியே வெச்சுட்டேன்." சட்டைப் பையைத் தட்டினார். "பதவி போனாப் போகட்டும் கனகம். ஆனா வாழ்க்கைல இப்பதான் நான் எழுதறதை ஜனங்க படிக்கறாங்க. அது போயிடும்."

கனகம் அவருடைய சாதத்தில் மோர் ஊற்றினார். "போகாதுங்க," என்றார்.

அன்று மாலை கனகம் டோரிஸ் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, கொத்துமல்லி வாங்கப் போனதாகச் சொன்னார். கையில் கொத்துமல்லி இல்லை.

ஞாயிறு பொதுக்குழுவுக்கு செல்லர் நிரம்பியது. கணக்கு விவரம் படித்தபோதுகூட யாரும் எழுந்து போகவில்லை. சாரங்கபாணி தன் பரிசோதனை அறிக்கையைச் சுருக்கமாக, முக்கால் மணி நேரத்தில், வாசித்து முடித்தார். வேதாசலம் எழுந்தார். சாரங்கபாணியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"முதல்ல நான் இதை எதிர்த்தவன்," என்றார் வேதாசலம். "ஒத்துக்கறேன். லிஃப்ட் நின்னுது, ஜெனரேட்டர் புகைஞ்சுது, எல்லாம் சரி. ஆனா பயிற்சி வகுப்புக்கு அப்புறம் இந்தக் காலனில ஒரு நிம்மதி இருக்கு. காலைல பயமில்லாம போனைத் தொடறோம். அதனால இந்த சாஃப்ட்வேரை வாங்கணும்னு நானே முன்மொழியறேன். ஒரு வருஷத்துக்கு இல்ல, மூணு வருஷத்துக்கு."

"வழிமொழியறேன்," என்றார் டோரிஸ், அவர் முடிப்பதற்குள்.

சாரங்கபாணி சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். "செயலரோட சுற்றறிக்கைகளைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமான்னு யாராவது..."

"நக்கோ நக்கோ!" என்று டோரிஸ் கையை ஆட்டினார். "குறைக்கவே கூடாது."

"சார் எவ்வளவு வேணும்னாலும் எழுதட்டும்," என்றாள் சுபாஸ்ரீ. "எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"யாதய்யாவை மட்டும் நிறுத்திடாதீங்க," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

ஓட்டு எடுத்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கனகத்தின் கை முதலில் உயர்ந்தது. ஓட்டுரிமை இல்லாத யாதய்யாவும் கதவருகே நின்று கையைத் தூக்கினார். ராஜினாமாக் கடிதத்தைச் சாரங்கபாணி நான்காகக் கிழித்து, உலர்குப்பைத் தொட்டியில் போட்டார். வேதாசலம் அவரைக் கட்டிக்கொண்டார்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முடிவைச் சொல்லி அவர் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு ஹர்ஷிதா போனில் கூப்பிட்டாள்.

"மூணு வருஷமா? சூப்பர் சார்! எங்க கம்பெனில இதுவரைக்கும் யாருமே மூணு வருஷம் எடுத்ததில்ல. எந்த ஃபீச்சர் உங்க ஆளுங்களுக்கு ரொம்ப பிடிச்சுது?"

"ரீட் ரிப்போர்ட்தாம்மா. நான் ஆயுசுல பார்க்காத ரிசல்ட்டு. நூத்துக்கு நூறு."

"ஹவ் சார், நானும் பார்த்தேன். அதுல ஒரு சின்ன டவுட். பில் போடறதுக்கு ஒவ்வொரு அக்கவுன்ட்டா செக் பண்ணிட்டிருந்தேன். 'செயலர்'ன்னு ஒண்ணு இருக்கே, அது ஆளா, இல்ல ஏதாவது மெஷினா? நாலு மணி நேரத்துக்கொரு தடவை ஒரே மெசேஜைப் போட்டுக்கிட்டே இருக்கு. மெஷின்னா நாங்க சார்ஜ் பண்றதில்ல."

"ஏம்மா, அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல சார், எல்லா வீட்லயும், உங்க ஃபிளாட் உள்பட, ஃபில்டர்ல அந்த ஒரு பேரைத்தான் போட்டு வெச்சிருக்காங்க. ஃபில்டர்ல போட்ட பேருன்னா, அது எழுதறது வந்த செகண்ட்லயே தானா 'ரீட்' ஆயிடும்."

செல்லரின் மறுகோடியில் கனகமும் டோரிஸும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கெட் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேதாசலம் தூரத்திலிருந்து கையசைத்தார். சாரங்கபாணி பதிலுக்குக் கையசைத்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? ஆளா, மெஷினா?"

"மெஷின்தாம்மா," என்றார் சாரங்கபாணி.

மூன்றாண்டுச் சந்தா அன்று மாலை செலுத்தப்பட்டது. அந்த ஒரு கணக்குக்கு மட்டும் கட்டணம் இல்லை.